படிப்பக மேசையில் எத்தனை நாளிதழ்கள்?

தென்காசி மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு நாள்தோறும் ஆறு நாளிதழ்கள் வருகின்றன; ஐந்து தமிழ், ஒன்று ஆங்கிலம். சென்ற மாதம் முகவர் கொடுத்த ரசீது முதன்முறையாக 1,500 ரூபாயைத் தாண்டியது. உறுப்பினர்கள் தரும் மாதச் சந்தாவும் கோயில் கொடையின்போது வரும் நன்கொடையும்தான் படிப்பகத்தின் வருமானம். மின்கட்டணமும், கூட்டிப் பெருக்கும் அம்மாவின் சம்பளமும் போக மிஞ்சுவதில் பாதிக்கு மேல் இந்த ரசீதுக்கே போய்விடுகிறது. இனி நாளிதழ்களை நிறுத்திவிடலாமா, கைப்பேசியில் எல்லாமே கிடைக்கிறதே என்று இளைய உறுப்பினர்கள் கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். உடனே பதில் சொல்ல முடியாததால், இருக்கும் வழிகளை ஒப்பிட்டு அடுத்த பொதுக்குழுவுக்கு முன் எழுதித் தரும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். இதே கேள்வி இன்று எத்தனையோ வீடுகளிலும் சங்கங்களிலும் எழுந்துகொண்டிருப்பதால், எழுதியதைப் பொதுவில் வைக்கிறேன்.

கூட்டத்தில் பேசப்பட்ட வழிகள் இவை. ஆறையும் இப்போதுபோலத் தொடர்ந்துகொண்டு, உறுப்பினர் சந்தாவை உயர்த்துவது ஒன்று. அச்சிதழ்களை அறவே நிறுத்தி, மின்னிதழ்ச் சந்தா கட்டி, பெரிய திரை ஒன்றிலோ டேப்லெட்டிலோ படிக்க வைப்பது இன்னொன்று. வார நாள்களில் மின்னிதழ், ஞாயிறு மட்டும் அச்சு என்பது மூன்றாவது யோசனை. அரசுக் கிளை நூலகத்தில் நாளிதழ்கள் போடும்போது நாம் ஏன் தனியாக வாங்க வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. எண்ணிக்கையைக் குறைத்து ஒன்றிரண்டை மட்டும் அச்சில் வைத்துக்கொள்ளலாம் என்பதே பலர் மனத்தில் இருந்தது. ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற இடத்தில் பேச்சு முட்டி நின்றுவிட்டது.

எந்த அளவுகோலைக் கொண்டு ஒப்பிடுவது என்று யோசித்தபோது, விலை முதலில் நினைவுக்கு வந்தாலும் அது போதாது என்று தோன்றியது. தமிழ் நாளிதழ் ஒன்றின் வார நாள் விலை, இன்று கடையில் குடிக்கும் ஒரு தேநீரின் விலையைவிடக் குறைவு. அந்த ஒரு பிரதியை எத்தனை பேர், எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பார்த்த பிறகுதான் அது மலிவா, வீண்செலவா என்று சொல்ல முடியும். அதனால் ஒரு வாரம் முழுவதும் காலை ஆறரை மணிக்குக் கதவு திறக்கும்போதே போய் ஓர் ஓரமாக உட்கார்ந்து கவனித்தேன்.

முகவர் போட்டுவிட்டுப் போன கட்டைப் பிரித்து மேசைமேல் வைத்த பத்து நிமிடத்துக்குள் நெல்லைப் பதிப்புச் செய்திகளை அதிகம் தருகிற இரண்டு தமிழ் நாளிதழ்களும் முழுதாக இருப்பதில்லை. வெளித்தாளை ஒருவர் எடுத்துக்கொள்கிறார். மாவட்டச் செய்திகள் உள்ள தாள் எதிரே இருப்பவர் கைக்குப் போகிறது. விளையாட்டுப் பக்கத்தைச் சன்னலோரம் நிற்கும் பையன் வாங்கிக்கொள்கிறான். நடுத்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தலையங்கத்தைப் படிக்கிறார். பதினாறு பக்க நாளிதழ் என்பது மடித்துச் செருகிய நான்கு தாள்கள். ஆகவே ஒரே பிரதியை ஒரே நேரத்தில் நான்கு பேர் படிக்கிறார்கள், படித்து முடித்ததும் தாளை மாற்றிக்கொள்கிறார்கள். கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருக்கும் பெரியவருக்கு அவருடைய நண்பர் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறார். அதைக் காதில் வாங்கிக்கொண்டு இருவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் கட்சிப் படிப்பகங்களிலும் தமிழ்நாடு நாளிதழ் படித்த முறை இதுதான். விற்ற பிரதிகளைவிடப் படித்தவர்கள் பல மடங்காக இருந்ததும் இதனால்தான்.

அந்த இரண்டு நாளிதழ்களையும் காலை, மாலை சேர்த்து நாளொன்றுக்கு முப்பது பேருக்குக் குறையாமல் தொடுகிறார்கள். மற்ற மூன்று தமிழ் நாளிதழ்களை எட்டு அல்லது ஒன்பது பேர் புரட்டுகிறார்கள். அவர்களும் பெரும்பாலும் முதல் இரண்டும் கைக்குக் கிடைக்கும்வரை புரட்டுகிறவர்கள். ஆங்கில நாளிதழை மூன்று பேர் படிக்கிறார்கள். மூவரும் போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு, ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருந்து, நோட்டில் குறிப்பெழுதிப் படிக்கிறார்கள். ஒரே மேசையில் கிடந்தாலும் இவை மூன்று வேறு வேறு படிப்புகள் என்பதைப் புரிந்துகொண்ட பிறகு, ஆறுக்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டியதில்லை என்பது எனக்குத் தெளிவாயிற்று.

வழிகளுக்குள் போகும் முன், ரசீது ஏன் ஏறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் நாம் எந்த முடிவு எடுத்தாலும் அது அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்காவது பொருந்த வேண்டும். ஒரு பிரதியை அச்சிட்டு நம் வாசலில் கொண்டுவந்து போட ஆகும் செலவைவிடக் குறைந்த விலைக்கே நாளிதழ் விற்கப்பட்டு வந்தது. மீதியை விளம்பரம் ஈடுகட்டியது. மணமகன், மணமகள் தேவை, வீடு வாடகைக்கு, ஆள்கள் தேவை என்று பக்கம் பக்கமாக வந்த வரி விளம்பரங்கள் இணையத்துக்குப் போனபோது அந்த ஈடு குறைந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பின் இணையம் மிக மலிவாகி, செய்தி படிக்கும் பழக்கத்தையே கைப்பேசி தன் பக்கம் இழுத்துக்கொண்டது. செய்தித்தாள் காகிதத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2019 ஜூலை நிதிநிலை அறிக்கையில் அதன்மீது 10 சதவீதச் சுங்கவரி விதிக்கப்பட்டு, 2020இல் அது 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2022இல் உக்ரைன் போரை ஒட்டிக் காகித விலை கடுமையாக ஏறியது. கரும்புச் சக்கையிலிருந்து செய்தித்தாள் காகிதம் செய்வதற்கென்றே 1979இல் தமிழ்நாடு அரசு கரூர் அருகே புகளூரில் ஓர் ஆலையைத் தொடங்கியது. அந்த ஆலையும் பின்னாளில் எழுதவும் நூல் அச்சிடவும் பயன்படும் தாள்களுக்கே பெரும்பாலும் மாறிக்கொண்டது. இவற்றுக்கு நடுவே 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நாளிதழைத் தொட்டால் நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்ற அச்சத்தில் பல வீடுகள் நிறுத்தின. நிறுத்திய வீடுகளில் பல திரும்பி வரவில்லை என்று எங்கள் முகவர் இன்றும் சொல்லி வருந்துகிறார். பக்கம் குறைவதும், இணைப்பிதழ் மெலிவதும், விலை ஏறுவதும் இவற்றின் விளைவுகள். இவை எதுவும் ஓரிரு ஆண்டில் திரும்பிப் போகக்கூடியவை அல்ல.

ஆகவே ஆறையும் அப்படியே தொடர்வது என்ற முதல் வழி, இன்றைக்குச் சந்தாவைப் பத்து ரூபாய் உயர்த்தினால் முடிந்துவிடும் என்று தோன்றினாலும், அடுத்த ஆண்டு மறுபடியும் இதே கூட்டத்தைக் கூட்ட வைக்கும். உறுப்பினர்களில் பாதிப்பேர் பீடி சுற்றும் குடும்பங்களிலிருந்தும் விவசாயக் கூலிக் குடும்பங்களிலிருந்தும் வருகிறவர்கள். எட்டுப் பேர் புரட்டும் மூன்று நாளிதழ்களுக்காக அவர்களிடம் கூடுதலாகக் கேட்பது சரியில்லை. இந்த வழியின் பக்கம் ஒரே ஒரு வலுவான வாதம் இருக்கிறது. வேறு வேறு சார்புள்ள நாளிதழ்கள் ஒரே மேசையில் கிடந்தால், ஒரே நிகழ்வை ஒன்று எப்படிச் சொல்கிறது, இன்னொன்று எதை விட்டுவிடுகிறது என்பதைப் படிக்கிறவர் தாமே கண்டுகொள்வார். அதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் அதற்கு ஐந்து வேண்டியதில்லை, ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு போதும்.

மின்னிதழ் வழியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதில் பலர் நினைப்பதைவிட நன்மைகள் அதிகம், பலர் நினைக்காத இடத்தில் குறை இருக்கிறது. முதலில், மின்னிதழையும் செய்திச் செயலியையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மின்னிதழ் என்பது அச்சான பக்கத்தின் அப்படியான படம். அதே தலைப்புகள், அதே விளம்பரங்கள், அதே வரிசை. அது முடிவுள்ள ஒரு பொருள், கடைசிப் பக்கம் வந்தால் படித்து முடித்துவிட்டோம். செயலி அப்படியானது அன்று. எதை நாம் தட்டினோமோ அதைப் போன்றதையே மேலும் மேலும் கொண்டுவந்து கொட்டும். சினிமாவைத் தட்டியவருக்குச் சினிமாவும், கொலைச் செய்தியைத் தட்டியவருக்குக் கொலைச் செய்தியும் தொடரும். நம் வட்டத்தில் நாளைக்கு மின்தடை எங்கே என்பதைத் தேடாதவருக்கு அது வராது. நாளிதழின் பக்கத்தில் அதே செய்தி ஒரு மூலையில் தானாகக் கண்ணில் படுகிறது. ஆகவே இலவசச் செயலி போதும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை; ஒப்பிடத் தகுந்தது கட்டணம் கட்டிப் பெறும் மின்னிதழ் மட்டுமே.

வாட்ஸ்அப்பில் காலையிலேயே எல்லா நாளிதழ்களின் பிடிஎஃப் கோப்புகளும் வருகின்றனவே, அதைத் திரையில் போட்டால் செலவே இல்லையே என்று ஒருவர் கேட்டார். சந்தா கட்டிப் படிக்க வேண்டிய மின்னிதழை யாரோ இறக்கிப் பரப்புவது பதிப்புரிமை மீறல். 2020 மே மாதம், டைனிக் ஜாக்ரன் என்ற இந்தி நாளிதழ் தொடுத்த வழக்கில், அப்படிப் பரப்பிய டெலிகிராம் சேனல்களை நீக்கும்படி தில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு பொதுப் படிப்பகம் அதைச் செய்யக் கூடாது. செய்தி சேகரிக்கிறவருக்குச் சம்பளம் போக வேண்டுமென்றால் யாரோ ஒருவர் காசு கொடுத்துத்தான் படிக்க வேண்டும்.

கட்டண மின்னிதழின் பெரிய நன்மை, எல்லாப் பதிப்புகளும் ஒரே சந்தாவில் கிடைப்பது. திருப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன் நெல்லைப் பதிப்பைப் படிக்கலாம்; துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் ஊர்க் கோயில் கொடைச் செய்தியைப் படத்தோடு பார்க்கலாம். பழைய தேதியைத் தேடி எடுக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்பது கண் மங்கியவர்களுக்கு வரம். தனி ஒருவர், தமக்கென ஒரு கருவி வைத்திருப்பவர், சில பக்கங்களைக் குறிவைத்து ஆழ்ந்து படிக்கிறவர் என்றால், அச்சைவிட மின்னிதழே அவருக்கு உகந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

படிப்பகம் தனி ஒருவர் இல்லை என்பதுதான் சிக்கல். நன்கொடையாக வந்த தொலைக்காட்சி ஒன்றில் ஒரு வாரம் மின்னிதழைப் போட்டுச் சோதித்துப் பார்த்தோம். முழுப் பக்கத்தையும் காட்டினால் எழுத்துத் தெரியவில்லை. பெரிதாக்கினால் ஒரு பத்தியின் ஒரு துண்டு மட்டும் தெரிகிறது. அடுத்த துண்டுக்கு நகர்த்த வேண்டும். ஒருவர் படிக்கும் வேகம் இன்னொருவருக்கு ஒத்துவரவில்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர் எழுத்துக்கூட்டி இரண்டாம் வரிக்கு வரும்போது, பட்டதாரி பத்தியையே முடித்துவிடுகிறார். மூன்றாம் நாளே மெதுவாகப் படிக்கிறவர்கள் திரையின் முன் உட்காருவதை விட்டுவிட்டார்கள். யாரும் அவர்களை எழுப்பவில்லை. மற்றவர்களைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சத்தில் அவர்களே எழுந்து போனார்கள். அந்த வாரத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அதுதான். காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஒரே செய்தியைப் படித்தாலும் கேட்பார் இல்லை. டேப்லெட் என்றால் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும். நான்கு பேருக்கு நான்கு வாங்கினால், நாளிதழுக்கு மிச்சப்படுத்திய பணத்தைவிட அவற்றின் பழுதுக்கும் பாதுகாப்புக்கும் ஆகும் செலவு கூடிவிடும்.

அச்சை நிறுத்தினால் வாசகர்கள் அப்படியே திரைக்கு வந்துவிடுவார்களா என்ற கேள்விக்கு வெளிநாட்டு அனுபவம் ஒன்று தெளிவான விடை தருகிறது. பிரிட்டனின் தி இன்டிபென்டென்ட் நாளிதழ் 2016 மார்ச்சில் அச்சை நிறுத்திவிட்டு முழுக்க இணையத்துக்கு மாறியது. இணையத்தில் அதைத் திறந்து பார்ப்பவர்கள் குறையவில்லை. ஆனால் பிரிட்டன் வாசகர்கள் அதைப் படிக்கச் செலவிட்ட மொத்த நேரம், அடுத்த ஓராண்டில் 81 சதவீதம் சரிந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அச்சில் படித்தவர்கள் ஓர் இதழுக்கு 37 முதல் 50 நிமிடம்வரை செலவிட்டார்கள். இணைய வாசகர்கள் செலவிட்டதோ மாதத்துக்கு ஏறத்தாழ 6 நிமிடம். நிறுவனத்துக்குச் செலவு குறைந்திருக்கலாம். படிப்பகம் என்பது படிக்க வைப்பதற்காக இருக்கும் இடம். ஆகவே நமக்கு அந்த 81 சதவீதமே முதன்மையான கணக்கு.

ஞாயிறு மட்டும் அச்சு என்ற யோசனையும் வெளிநாடுகளில் நாளிதழ்களே செய்து பார்த்ததுதான். கனடாவின் மொன்றியால் நகரத்து லா பிரெஸ் 2016 தொடக்கத்தில் வார நாள் அச்சை நிறுத்திச் சனிக்கிழமை இதழை மட்டும் வைத்துக்கொண்டது. இரண்டே ஆண்டில் அதையும் நிறுத்தியது. பெர்லினிலிருந்து வரும் தாட்ஸ் (taz) நாளிதழ் 2025 அக்டோபரில் வார நாள் அச்சை விட்டுவிட்டு வார இறுதி இதழை அச்சில் தொடர்கிறது. ஆஸ்திரியாவில் 1703இல் தொடங்கிய வீனர் சைட்டுங் நாளிதழ் 2023 ஜூன் 30ஆம் தேதியோடு நாள்தோறும் அச்சாவதை முடித்துக்கொண்டது. இவற்றை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் நாளிதழ்களும் ஒருநாள் இதே முடிவை நமக்காக எடுக்கக்கூடும். ஆனால் அவை எடுப்பதற்கு முன் நாமாக எடுக்க வேண்டிய அவசியம் இன்று இல்லை. தமிழ் நாளிதழின் ஞாயிறு இதழ் இணைப்பும் கட்டுரையுமாகக் கனமாக வருகிறது, உண்மை. என்றாலும் படிப்பகத்துக்கு வருகிறவர்கள் தேடுவது வார நாளின் மெலிந்த பக்கங்களில்தான் இருக்கிறது: மின்தடை, அணை நீர்மட்டம், இரங்கல், பேருந்து நேர மாற்றம், வேலைவாய்ப்பு அறிவிப்பு. தாமிரபரணியில் தண்ணீர் திறக்கும் தேதியை ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்து படிக்க முடியாது.

கிளை நூலகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நாட்டு விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அது; நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் அதன் பின்னால் இருந்தார். இன்றும் நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ஆகவே அந்த நூலகம் நம்முடையது, அதை உரிமையோடு பயன்படுத்த வேண்டும். ஆனால் எங்கள் ஊருக்கான கிளை நூலகம் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது; வெள்ளிக்கிழமை திறக்காது; திறக்கும் நேரத்துக்கு முன்பே வயலுக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். அதைத் துணையாகக் கொள்ளலாம், மாற்றாகக் கொள்ள முடியாது.

அச்சை முழுவதுமாக விடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. கூட்டத்தில் யாரும் அதைப் பேசவில்லை, எனக்கோ அதுவே மிக முக்கியமாகப் படுகிறது. நம் சட்டங்கள் பல, பொதுமக்களுக்குத் தெரிவிப்பது என்றால் உள்ளூர் நாளிதழில் அச்சிடுவது என்றே இன்றும் பொருள்கொள்கின்றன. தேசிய நெடுஞ்சாலைக்காக நிலம் எடுக்கும்போது, அறிவிக்கையின் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வெளியிட வேண்டும், அவற்றில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்று தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் சொல்கிறது. அதன்மீது ஆட்சேபம் தெரிவிக்கத் தரும் காலம் 21 நாள்கள். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டமும் இரண்டு நாளிதழ்களைக் கேட்கிறது. அதில் ஆட்சேபத்துக்கு 60 நாள்கள். கடன் கட்டத் தவறிய வீட்டை வங்கி எடுத்துக்கொள்ளும்போது தரும் உடைமை அறிவிப்பும் இரண்டு நாளிதழ்களில், ஒன்று வட்டார மொழியில், வந்தாக வேண்டும். பத்திரம் தொலைந்தவர் விளம்பரம் கொடுப்பதும், வாரிசு உரிமை குறித்து வழக்கறிஞர் பொது அறிவிப்புக் கொடுப்பதும் அதே பக்கங்களில்தான்.

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டைக்கு வரும் நான்குவழிச்சாலைக்கு நிலம் எடுப்பது பற்றிய அறிவிக்கை வந்த நாள்களை நான் மறக்கவில்லை. கடுகு கடுகாக எழுத்து, கட்டம் கட்டமாகப் புல எண்கள், உட்பிரிவு எண்கள், சதுர மீட்டர் கணக்கு. தாளை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் கனமான புத்தகத்தை வைத்து, பள்ளிக்கூட அடிக்கோலை வரிக்கு வரி நகர்த்தி, ஆளுக்கொரு கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினார்கள். ஒருவர் எண்ணைப் படிக்க, இன்னொருவர் கையிலிருந்த பட்டாவோடு ஒத்துப் பார்த்தார். கைப்பேசிச் செயலியில் அந்தப் பக்கம் வராது. மின்னிதழில் வரும், சரியான தேதியையும் சரியான பதிப்பையும் திறந்தவருக்கு மட்டும் வரும். சட்டம் அச்சை நம்பியிருக்கும்வரை, ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தில் அந்த அச்சு கிடக்க வேண்டும். வீடு வீடாக நாளிதழ் வாங்குவது குறையக் குறைய இந்தத் தேவை படிப்பகத்தின்மேல் கூடுதலாகவே விழுகிறது.

ஆகவே என் பரிந்துரை இதுதான். பலர் ஒரே நேரத்தில் தாள் தாளாகப் பிரித்துப் படிக்க இரண்டு தமிழ் நாளிதழ்கள் அச்சில் தொடரட்டும். ஓரிருவர் தனித்தனியாக, ஊன்றிப் படிக்கும் ஆங்கில நாளிதழுக்கு அச்சை நிறுத்தி மின்னிதழ்ச் சந்தா கட்டுவோம். தேர்வுக்குப் படிக்கும் மூவரும் பழைய நாள் தலையங்கங்களைத் தேடி எடுக்கிறவர்கள், படிப்பகக் கணினியிலேயே அவர்களுக்கு அது இப்போதைவிட வசதியாக இருக்கும். மற்ற மூன்று தமிழ் நாளிதழ்களையும் வார நாள்களில் நிறுத்தி, ஞாயிறு மட்டும் வாங்குவோம். இப்படிச் செய்தால் மாதச் செலவு ஏறக்குறைய பாதியாகக் குறையும். சந்தாவை உயர்த்த வேண்டியதில்லை.

எந்த இரண்டு என்பதில் மனத்தாங்கல் வரும் என்று தெரியும். தினமணி 1934இலிருந்து வருகிறது. தினத்தந்தி 1942இல் மதுரையில் தொடங்கியது. தினமலர் 1951இல் திருவனந்தபுரத்தில், அன்றைய திருவிதாங்கூர்த் தமிழர்களுக்காகத் தொடங்கிப் பின்னர் நெல்லைக்கு வந்தது. செங்கோட்டை 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்த வரலாற்றில் வளர்ந்த எங்கள் பகுதிப் பெரியவர்களுக்கு அதில் ஒரு பிடிப்பு உண்டு. தினகரனுக்கும் 2013இல் வந்த இந்து தமிழுக்கும் தனித்தனி வாசகர்கள் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டாக ஒரே நாளிதழைப் படித்தவரிடம் அதை நிறுத்துகிறோம் என்று சொல்வது, பழகிய திண்ணையிலிருந்து எழுந்திருக்கச் சொல்வதைப் போன்றது. அதனால் பெயரைச் சொல்லி நான் பரிந்துரைக்கவில்லை. இரண்டு நிபந்தனைகளை மட்டும் வைக்கிறேன். ஒன்று, இரண்டில் ஒன்றாவது தென்காசி, நெல்லை மாவட்டச் செய்திகளுக்கும் அரசு அறிவிப்புகளுக்கும் அதிக இடம் தருவதாக இருக்க வேண்டும். ஒரு மாதப் பிரதிகளை எண்ணிப் பார்த்தால் அது எது என்று தெரிந்துவிடும். இரண்டு, மற்றொன்று அரசியல் பார்வையில் முதலாவதிலிருந்து மாறுபட்டதாக இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் உட்பட்டு உறுப்பினர்கள் சீட்டெழுதித் தேர்ந்தெடுக்கட்டும். ஆண்டுக்கொருமுறை மறுபடியும் எண்ணிப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு சிறு மாற்றமும் செய்ய வேண்டும். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். இனி மாவட்டச் செய்தி அதிகமுள்ள நாளிதழை மட்டும் மாதவாரியாகக் கட்டி, வெயில் படாத மேல் அலமாரியில் இரண்டு ஆண்டு வைத்திருப்போம். மரக்கூழை அரைத்துச் செய்யும் தாள் என்பதால் வெளிச்சம் பட்டால் சீக்கிரமே பழுப்பேறி உடையும். மூடிவைத்தால் இரண்டு ஆண்டு தாங்கும். அறிவிக்கை எந்தத் தேதியில் வந்தது என்று ஒருவர் கேட்டு வரும்போது எடுத்துக் காட்ட அது போதும்.

எங்கள் முகவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அதிகாலை நான்கு மணிக்குப் பேருந்து நிலையத்தில் கட்டு இறங்கும்போது அவர் அங்கே நிற்கிறார். மழையோ பனியோ, இணைப்பிதழ்களைச் செருகி, தெரு வாரியாகப் பிரித்து, ஐந்தே முக்காலுக்குள் படிப்பக வாசலில் போட்டுவிடுகிறார். முன்பு மூன்று பையன்கள் அவரிடம் சைக்கிளில் போட்டார்கள். இப்போது அவரே பைக்கில் சுற்றுகிறார். அவருடைய வருமானம் பிரதிக்கு இவ்வளவு என்ற கழிவுதான். வார நாளில் நான்கு பிரதிகளை நாம் குறைத்தால் அது அவர் கையில் தெரியும். அதைச் சரிக்கட்ட, படிப்பகத்தில் அச்சு நின்றுபோகும் மூன்று தமிழ் நாளிதழ்களில் எதையாவது வீட்டுக்கு வாங்க விரும்பும் உறுப்பினர்களின் பெயரைக் கூட்டத்திலேயே எழுதி வாங்கி அவரிடம் தருவோம். இதுவரை இருவர் சம்மதித்திருக்கிறார்கள்.

அடுத்த மாதம் முதல் தேதிக்கு எண்ணிக்கை மாற வேண்டுமானால் இந்த மாதம் 25ஆம் தேதிக்குள் அவருக்குத் தெரிய வேண்டும். அவர் பிரதிக் கணக்கை எழுதி அனுப்ப அவ்வளவு நாளாவது ஆகும். தீர்மானம் நிறைவேறினால் அன்று மாலையே நானும் பொருளாளரும் அவருடைய வீட்டுக்குப் போய், அண்ணாச்சியிடம் நேரிலேயே சொல்லிவிட்டு வருகிறோம்.